'வீடு'ன்னு தேடினா 'வீட்டிலிருந்து' ஏன் சிக்க மாட்டேங்குது?

கேள்வி: தமிழ் ஆப் ஒண்ணுக்கு சர்ச் பாக்ஸ் எழுதிட்டிருக்கேன். 'வீடு'ன்னு தேடினா 'வீட்டிலிருந்து' வரவே மாட்டேங்குது. சரின்னு கடைசில வர்ற ஐ, இல், ஆல் எல்லாத்தையும் ரெஜெக்ஸ் (எழுத்து வரிசையைத் தேடற பேட்டர்ன்) வச்சு வெட்டிப் பார்த்தேன், 'யானை' போயி 'யான்' ஆயிடுச்சு. ஆட்டோமேட்டா, கிராமர்னு சொல்றாங்களே, அதெல்லாம் உக்காந்து படிக்கணுமா, இல்ல ஏஐ மாடலைக் கூப்பிட்டுட்டா போதுமா?

பதில்: கொஞ்சம் படிக்கணும், ஆனா நீங்க பயப்படுற அளவுக்கு இல்ல. மாடலை விடுங்க. இண்டெக்ஸ் பண்ற (தேடறதுக்காகப் பட்டியல் போட்டு வைக்கிற) ஒவ்வொரு சொல்லுக்கும் அதைக் கூப்பிட்டா நேரமும் காசும்தான் போகும், அதோட ஒரே சொல்லுக்கு இன்னிக்கு ஒரு பதிலும் நாளைக்கு ஒரு பதிலும் வந்தா உங்க இண்டெக்ஸ் குழம்பிடும்.

ரெஜெக்ஸ் மேல கோவப்பட வேண்டாம், பாடப்புத்தகத்துல வர்ற ரெஜெக்ஸும் ஃபைனைட் ஸ்டேட் ஆட்டோமேட்டாவும் (எழுத்து எழுத்தா படிச்சு, ஒரு ஸ்டேட்லேர்ந்து, அதாவது நிலையிலேர்ந்து, இன்னொண்ணுக்குப் போற மெஷின்) சக்தியில ஒண்ணுதான். உங்க பிரச்சனை என்னன்னா நீங்க குடுத்த பேட்டர்னுக்கு விகுதி தெரியும், வேர்ச்சொல் தெரியாது. அதனால வெட்டறதை நிறுத்திட்டு, கட்டறதுக்கு ஒரு மெஷின் பண்ணுங்க. பெயர்ச்சொல் லிஸ்ட் ஒரு ஸ்டேட்ல ஆரம்பிக்கும், அங்கேர்ந்து 'கள்' வரலாம், வராமலும் போகலாம், அப்புறம் வேற்றுமை உருபு, அப்புறம் உம், ஏ, ஓ, ஆ. இந்த வரிசை மாறாது. ஒரு பெயருக்கு ஒருமை பன்மை 2, வேற்றுமை 8, கடைசில ஒண்ணும் இல்லாததையும் சேர்த்து 5ன்னு வச்சா 80 வடிவம், 10,000 பெயருக்கு 8 லட்சம், இதை லிஸ்டா எழுதி முடியாது, ஆனா மெஷின்ல விகுதிப் பகுதியை எல்லாப் பெயரும் பங்கு போட்டுக்கறதால ஒரே ஒரு தடவை எழுதினா போதும். 'யானை' வேரா லிஸ்ட்ல இருக்கு, 'யான்'லேர்ந்து 'ஐ'க்குப் போற வழியே இல்ல (அதுக்கு 'என்னை'ன்னு தனி வழி), அதனால அந்தத் தப்பு தானா நின்னுடும்.

அடுத்தது சந்தி, உங்க 'வீடு' மாட்டிக்கிட்டது இங்கதான். இதுக்கு டிரான்ஸ்டியூசர் வேணும், அதாவது ரெண்டு வரி இருக்குற ஆட்டோமேட்டா, மேல் வரில 'வீடு+ஐ', கீழ் வரில 'வீட்டை'. 1983ல கிம்மோ கொஸ்கென்னியெமிங்கற மொழியியலாளர் ஃபின்னிஷ் மொழிக்குப் பண்ணின ரெண்டடுக்கு முறை இந்த வழிதான், ஃபின்னிஷும் நம்ம மாதிரி விகுதியை அடுக்கிக்கிட்டே போற மொழி. விதி புதுசா கண்டுபிடிக்க வேண்டியதில்ல, நன்னூல்லயே இருக்கு: டு, று-ல முடியற சொல்லுல அதுக்கு முன்னாடி நெடிலோ, உயிர்த்தொடரோ ('கிணறு' மாதிரி) இருந்தா ஒற்று இரட்டும், வீட்டை, ஆற்றை, கிணற்றை. முன்னாடி மெய் இருந்தா இரட்டாது, 'நண்டு' 'நண்டை'தான். ஒத்தைக் குறில் இருந்தாலும் இரட்டாது, 'மடு' 'மடுவை'. 'கள்' வந்தாலும் இரட்டாது, 'வீடுகள்'. அதனால வேருக்கும் உருபுக்கும் நடுவுல ஒரு எல்லைக்குறி வைங்க, 'கள்'ளுக்கு வேற குறி வைங்க, விதி அந்தக் குறியைப் பார்த்து வேலை செய்யட்டும், வேலை முடிஞ்சதும் குறியை அழிச்சுடலாம்.

இதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய ஒண்ணு இருக்கு, பலபேர் இதுல கோட்டை விடறாங்க. யூனிகோட்ல 'வீடு' 4 கோட் பாயிண்ட் (எழுத்துக்கும் குறிக்கும் குடுத்திருக்கற எண்), 'வீட்டை' 6. 'ட'ன்னு இருக்கறதுல அகரம் ஒளிஞ்சிருக்கு, அதனால எழுத்து அளவுல விதி எழுதினா தலை சுத்தும். முதல்ல ட்+உ, ட்+ஐன்னு மெய்யும் உயிருமா பிரிச்சுடுங்க, எல்லாம் முடிஞ்சு திரும்ப சேர்த்துக்கலாம். 'கொ'வோட ஒகரக் குறியை ஒரே கோட் பாயிண்டாவும் போடலாம், எகரக் குறி ப்ளஸ் காலுன்னு ரெண்டாவும் போடலாம், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால நார்மலைஸ் பண்ணிட்டு (எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்கு மாத்திட்டு) ஆரம்பிங்க.

டூல் எழுத வேண்டாம். இந்த மாதிரி மெஷின் கட்டறதுக்கு மான்ஸ் ஹுல்டன் பண்ணின ஃபோமாங்கற டூல் இலவசம், அதுலயே தமிழுக்குக் கட்டின தமிழி மார்ஃப்னு ஒரு அனலைசர் (சொல்லை வேரும் விகுதியுமா பிரிக்கறது) இருக்கு, அதை எடுத்துப் பிரிச்சுப் பாருங்க, வினைச்சொல் பக்கத்தை அப்படியே கடன் வாங்கிக்கலாம், ஏன்னா வாங்கினான், செய்தான், படித்தான்னு வினை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வகுப்பு. ஜனங்க 'வீட்ல'ன்னு டைப் பண்ணுவாங்க, அந்தப் பேச்சு வடிவத்துக்கு மேல இன்னொரு விதி அடுக்கு போட்டு கம்போஸ் பண்ணுங்க (ரெண்டையும் ஒரே மெஷினா இணைங்க).

ஒண்ணுக்கு மேல விடை வந்தா பதறாதீங்க. 'கோட்டை'ன்னா அரண், 'கோடு'ங்கற வரியோட ஐ, 'கோட்டு'ங்கற சட்டையோட ஐ, மூணுமே சரி. புரோகிராம் எழுதற 'கோடு' மட்டும் பலபேர் வாய்ல 'கோடை' ஆகுது, கடன் சொல்லுக்குத் தனி லிஸ்ட் வைக்கறது நல்லது. எது சரின்னு மெஷின் சொல்லாது, அது அதோட வேலையும் இல்ல, சர்ச்சுக்கு எல்லா வேரையும் இண்டெக்ஸ்ல போட்டுடுங்க.

கிராமர் பத்தி கேட்டீங்க. 'ரவி, மீனா, பாலு வந்தான்னு சொன்னாள்னு நினைச்சான்'. பேரு மூணு, வினை மூணு, உள்ளேர்ந்து வெளியே ஜோடி சேரணும். இது எத்தனை ஆழம் வேணும்னாலும் போகலாம்னு வச்சா ஃபைனைட் ஸ்டேட்டுக்கு ஞாபகம் பத்தாது, 1956லயே மொழியியலாளர் சாம்ஸ்கி இங்கிலீஷை வச்சு இந்த வாதத்தை முன்வச்சார், அப்போதான் கான்டெக்ஸ்ட் ஃப்ரீ கிராமர் வேணும், அதாவது ஸ்டாக் (கடைசியா வச்சதை முதல்ல எடுக்கற ஞாபக அடுக்கு) வச்ச மெஷினுக்கு ஈடான விதித்தொகுப்பு. பேசறவங்க மூணுக்கு மேல போறதில்லங்கறது வேற விஷயம். உங்க சர்ச் பாக்ஸுக்கு இது எதுவும் வேண்டாம்.

டெஸ்ட் பண்ண, மெஷினைத் தலைகீழா ஓட்டுங்க. 'வீடு', 'நண்டு', 'மடு', 'மரம்' நாலையும் மேல் வரில குடுத்து எல்லா வடிவத்தையும் பிரிண்ட் எடுத்துப் படிங்க, 'மரம்ஐ'ன்னு ஒண்ணு கண்ணுல பட்டா எந்த விதி விட்டுப்போச்சுன்னு உடனே தெரிஞ்சுடும்.