நரம்போடு இணையும் மின்னணுக் கருவிகள்: இயற்பியல் மாணவர் இந்த ஆய்வுக்கு வர முடியுமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவன் நான். மூளையிலும் நரம்பிலும் பொருத்தும் கருவிகளில் ஆய்வு செய்ய ஆசை. உயிரியல் படிக்காமல் முடியுமா?

முடியும் தம்பி. நானும் இயற்பியலிலிருந்து வந்தவன்தான். நரம்பில் வைக்கும் மின்முனைகளைச் செய்வதே இப்போது என் வேலை.

இந்தத் துறையின் முதல் சிக்கலே பொருளைப் பற்றியது. மூளைத் திசு நுங்கைவிட இளசு. மூளையில் குத்தும் ஊசி மின்முனைகளைச் செய்யும் சிலிக்கான் அதைப்போல ஏறக்குறைய 10 கோடி மடங்கு விறைப்பு. நாடித்துடிப்புக்கும் மூச்சுக்கும் மூளை அசைந்துகொண்டே இருக்கும். குத்தி வைத்த ஊசி அசையாது. நாளடைவில் சுற்றியுள்ள செல்கள் ஊசியைத் தழும்பு போல மூடிவிடும், சிக்னல் மங்கிவிடும்.

எனக்குப் பத்தமடை. எதிர்வீட்டில் பாய் நெய்வார்கள். தாமிரபரணித் தண்ணீரில் ஊறிய கோரையை நுணுக்கமாகக் கிழித்து நெய்த பட்டுப்பாய் துணி மாதிரி மடியும். கிழிக்காத கோரையை மடித்தால் முறிந்துவிடும். புல் ஒன்றுதான், கனம்தான் வேறு. முதுகலையில் வளைவு விறைப்புச் சமன்பாட்டைப் பார்த்ததும் அந்த வீட்டுத் திண்ணைதான் கண்ணுக்குள் வந்தது. தகட்டின் கனத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். சில மைக்ரான் கனத்துக்கு இறங்கினால் பிளாஸ்டிக் படலம் நரம்பைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. கம்பியில் ஓடுவது எலெக்ட்ரான்; நரம்பில் சோடியம், பொட்டாசியம் அயனிகள். இரண்டுக்கும் வழிவிடும் பொருள் வேண்டும். பிளாஸ்டிக்கும் மின்சாரம் கடத்தும் என்று 1977-ல் காட்டிய மூவருக்கு 2000-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் பின்னால் வந்த பெடாட் என்ற பாலிமரில்தான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். எட்டு மாதம் அது என்னை அழவைத்தது. பூசிய படலம் உப்புத் தண்ணீரில் போட்ட மறுநாளே உரிந்து மிதக்கும். சிலேன் வகைப் பிணைப்பியை, அதாவது படலத்தைப் பசை போலப் பிடித்துவைக்கும் வேதிப்பொருளை, துளி கலந்த பிறகு ஒட்டி நின்றது. கொஞ்சம் கூடினால் மின்கடத்தும் திறன் குறைந்தது. அந்த அளவைப் பிடிக்கத்தான் அத்தனை மாதம். உங்களுக்கும் இப்படி ஒரு காலம் வரும், அப்போது விட்டுவிடாதீர்கள்.

அடுத்த வருடம் ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு எழுதுங்கள், ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். பிறகு கேட் (GATE) தேர்வு எழுதி, பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. (இந்திய அறிவியல் கழகம்) போன்ற இடங்களில் பொருளறிவியல் அல்லது நானோ அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு முயலலாம். அதற்குப் பின்னும் சில வருடம் முதுமுனைவர் ஆய்வு, பெரும்பாலும் வெளியூரில், ஒப்பந்தச் சம்பளத்தில். வீட்டில் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

உயிரியல் பயம் வேண்டாம். கணவாய் மீனின் தடித்த நரம்பை வைத்து ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு இங்கிலாந்து விஞ்ஞானிகள் 1952-ல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். நரம்புச் சவ்வை அவர்கள் வரைந்து காட்டியிருப்பது மின்தேக்கியும் மின்தடைகளும் மின்கலங்களும் கொண்ட ஒரு சுற்றாகத்தான். அதைப் படிக்க உங்களுக்குத் தெரியும்.