ஏரியில் மீன் செத்து மிதந்தால் விஷம்தானா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை முடிந்து முதல் மழை விழுந்ததும் வருகிற கேள்விகளில் பாதி மீன் சாவு பற்றித்தான் இருக்கும். இந்த முறையும் அப்படியே. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

நேற்று காலை எங்கள் ஏரி முழுக்க மீன் செத்து மிதந்தது. யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று ஊரே பேசுகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

கலந்திருக்கலாம், இல்லவே இல்லை என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் மழைக்கு மறுநாள் விடியலில் நடந்தது என்றால் என் சந்தேகம் முதலில் ஆக்சிஜன் மேல்தான் போகும். 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்து நிற்கும். பகலில் பாசி ஆக்சிஜனை விடும். ராத்திரியில் அதே பாசி மீனோடு போட்டி போட்டு மூச்சு வாங்கும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். இந்த நிலையில், கோடை முழுக்க வரத்துக்கால்வாயில் தேங்கிக் கிடந்த சாக்கடையையும் குப்பையையும் மழை ஒரே இரவில் வழித்துக் கொண்டுவந்து கொட்டினால், அதை மக்கவைக்கும் பாக்டீரியாக்கள் மிச்சம் மீதி ஆக்சிஜனையும் தீர்த்துவிடும்.

கரையில் நின்று எது செத்திருக்கிறது என்று பாருங்கள். பெரிய கட்லாவும் ரோகுவும் செத்து, பொடிமீன்கள் தப்பி, உயிரோடு இருப்பவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் மூச்சுத்திணறல்தான். விராலும் தேளியும் மேலே வந்து காற்றையே நேராக இழுத்துப் பிழைக்கக்கூடியவை. அவையும் சேர்ந்து செத்திருந்தால், நடுப்பகலில் சாவு தொடங்கியிருந்தால், தவளை, தண்ணீர்ப்பாம்பு வரை விழுந்திருந்தால், அப்போது ஊர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஆக்சிஜனை அங்கேயே, விடியலிலேயே கருவி வைத்து அளக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு அதிகாரி வந்து அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் காட்டும், அப்புறம் ஊரில் சண்டைதான் மிஞ்சும். விஷம் என்று சந்தேகம் வந்தால் சுத்தமான கண்ணாடி பாட்டிலில் தண்ணீரும், அப்போதுதான் செத்த மீன் சிலவும் எடுத்து ஐஸில் வைத்து அன்றைக்கே மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கொடுங்கள். மீனை யாரும் குழம்புக்கு எடுத்துப் போக வேண்டாம்.

குளம் பச்சைப் பெயின்ட் கொட்டினது போல் ஆகிவிட்டது. மாடு குடிக்கலாமா? கொதிக்கவைத்தால் சரியாகுமா?

மாட்டை அந்தப் பக்கமே விடாதீர்கள். ஒரு குச்சியை உள்ளே விட்டுத் தூக்குங்கள். நூல் நூலாகத் தொங்கினால் சாதாரண இழைப்பாசி, பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். குச்சியில் வழவழவென்று பூசிக்கொண்டு வந்தால் நீலப்பச்சைப்பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் சில வகைகள் ஈரலைத் தாக்கும் விஷத்தை உண்டாக்கும், எது விஷமுள்ளது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொதிக்கவைப்பதால் அந்த விஷம் அழியாது. பாசியின் செல் உடைந்து, உள்ளே இருந்ததும் தண்ணீரில் இறங்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1973இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 226 என்ற எண்ணால் அழைக்கப்படும் ஏரியின் இடுப்பில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழுவினர் ஒரு திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சையாகிவிட்டது, மேலிருந்து எடுத்த படத்தில் திரை எங்கே என்று கோடு போட்டது போல் தெரியும். நம் குளங்களுக்கு அந்தப் பாஸ்பரஸ் வீட்டுச் சாக்கடையிலிருந்தும் சோப்புத் தூளிலிருந்தும் வயலில் வழியும் உரத்திலிருந்தும் வருகிறது. அடிச்சேறு அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அடியில் ஆக்சிஜன் இல்லாதபோதெல்லாம் திரும்பத் தண்ணீருக்குள் விடும். ஆகவே சாக்கடையை இன்றைக்கு நிறுத்தினாலும் அடுத்த கோடையிலேயே தெளிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அப்படியானால் பறவை எச்சமும் தண்ணீரைக் கெடுக்கத்தானே செய்யும்?

உரம் எங்கிருந்து வந்தாலும் உரம்தான். ஆனால் வேடந்தாங்கல்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். எச்சம் கலந்த தண்ணீர் மடை வழியே நெல் வயலுக்குப் போவதால்தான் அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைச் சுட விடாமல் காத்தார்கள். உள்ளே வருவதற்கு வெளியே போக ஒரு வழியும், அதை வாங்கிக்கொள்ள வயலும் இருந்தன. வயலெல்லாம் மனையாகி மடையை அடைத்துவிட்ட ஏரிக்கு அந்த வசதி இல்லை.

ஆகாயத்தாமரை தண்ணீரைச் சுத்தம் செய்யுமாமே, அப்படியே விட்டுவிடலாமா?

உறிஞ்சும், உண்மைதான். ஆனால் செடியை வெளியே எடுத்து அப்புறப்படுத்தினால்தான் அந்தச் சத்து ஏரியை விட்டுப் போகும். விட்டுவைத்தால் அங்கேயே அழுகி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும். மேலே பாய் விரித்தாற்போல மூடிவிட்டால் அடியில் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. போதாக்குறைக்கு அதன் வேரில் மான்சோனியா கொசுவின் புழு ஒட்டிக்கொண்டு மூச்சு விடும். எடுத்ததைக் கரையிலேயே குவித்துப் படம் எடுத்துவிட்டுப் போகிற வழக்கம் ஒன்று இருக்கிறதே, அடுத்த மழையில் சாறு முழுக்க உள்ளே இறங்கிவிடும். லாரி வைத்துக் கொண்டுபோய் உரமாக்குங்கள். விதை சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும், எனவே அடுத்த வருடமும் வேலை இருக்கிறது.

ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை மலை மாதிரி நிற்கிறதே, அது என்ன?

பெரும்பாலும் சோப்பு. பெங்களூரு பக்கத்துக் கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து வருகிறது, மதகில் விழும்போது காற்று புகுந்து நுரை கட்டுகிறது. எந்த ஆற்றிலும் இலைதழை மக்கிக் கொஞ்சம் நுரை வரும். அது பழுப்பாக, மண் வாசனையோடு, சீக்கிரம் அடங்கிவிடும். வெள்ளையாக, மணிக்கணக்கில் நின்று, காற்றில் பறந்து ரோட்டுக்கு வருவது வேறு வகை. தொடாதீர்கள், செல்ஃபியும் வேண்டாம்.

ஏரியை ஆழமாகத் தூர்வாரப் போகிறார்கள். எவ்வளவு ஆழம் நல்லது?

ஆழத்தைவிட, எதை எடுக்கிறார்கள், எந்தச் சரிவில் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மேலே படிந்த வண்டலை எடுத்து வயலுக்கு அடிப்பது நல்ல காரியம், சேற்றில் இருக்கிற பாஸ்பரஸும் அதோடு போய்விடும். அதற்குக் கீழே தண்ணீரைத் தாங்கி நிற்கும் களிமண் படுகையையும் ஜேசிபி வெட்டிவிட்டால் பாசன ஏரியில் தண்ணீர் நிற்காது. ஓரத்தைச் செங்குத்தாக வெட்டுவது இன்னொரு கூத்து: உள்ளானும் கொக்கும் நிற்க ஆழமில்லாத தண்ணீர் வேண்டும், மீன் முட்டையிடக் கோரையும் சம்பும் வேண்டும், இறங்கின மாடு ஏற வேண்டும். ஏரிக்குள் நிற்கும் பழைய கல் மதகான குமிழித்தூம்பில் சேறு வெளியேறத் தனித் துளையே வைத்திருந்தார்கள். உங்கள் ஏரியில் அது இருந்தால் காங்கிரீட் போட்டு அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால்வாயைச் சரிசெய்யாமல் ஏரியை மட்டும் தோண்டுவது என்றால், கையெழுத்துப் போடும் முன் கிராமசபையில் எழுந்து கேளுங்கள்.

பாக்டீரியா கரைசல் ஊற்றினால் ஏரி சுத்தமாகும் என்று ஒரு கம்பெனி வந்து சொல்கிறது?

சாக்கடை தினமும் வருகிற வரைக்கும் அவர்களுக்கும் தினமும் வியாபாரம். கழிவு வருவதை நிறுத்திய பிறகு அளவுகளோடு வரச் சொல்லுங்கள்.

டெங்குக்காக ஏரியில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விடலாமா?

வேண்டாம். டெங்கு கொசு உங்கள் மொட்டைமாடித் தொட்டியிலும் டயரிலும் வளர்கிறது, ஏரியில் இல்லை. கம்பூசியா நம் ஊர் மீன்களின் குஞ்சையும் தலைப்பிரட்டையையும் தின்றுவிடும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி கெண்டையை இன்றைக்கு எந்தக் குளத்திலிருந்தும் எடுக்க முடியவில்லை. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பெரிதாகிவிட்ட சக்கர் மீனை இரக்கப்பட்டு ஏரியில் விடுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

எங்கள் ஊருணித் தண்ணீரில் டிடிஎஸ் 180தான். குடிக்கலாமா?

டிடிஎஸ் கருவி தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை சரி என்பதால் ருசியாக இருக்கும், அவ்வளவுதான். 100 மில்லியில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது, அதைப் பரிசோதனைக் கூடத்தில் பாருங்கள். அதுவரை காய்ச்சிக் குடியுங்கள், ஆனால் தண்ணீர் பச்சையாக இருந்தால் அதுவும் உதவாது.