யூரோபைக்குக்கு சொந்த பைக்கை கொண்டு போகணுமா?

ஜெர்மனி ஃபிராங்க்ஃபர்ட்ல நடக்குற யூரோபைக் சைக்கிள் ஷோவுக்கு போறப்ப சொந்த எம்டிபிய (மவுண்டன் பைக், அதாவது மலைப்பாதை சைக்கிள்) பாக்ஸ்ல போட்டு கொண்டு போலாமா, அங்க வாடகைக்கு எடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க ப்ரோ. ஒருநாள் மட்டும் ஓட்டுறதா இருந்தா வாடகையே போதும், ஹால் ஹாலா நடந்தே கால் ஓஞ்சிடும். ரெண்டு மூணு நாள்னா உங்க பைக்கையே கொண்டு போங்க, 2022ல ஷோ ஃப்ரெட்ரிக்ஸ்ஹாஃபன்லேர்ந்து இங்க மாறினதுல நமக்கு என்ன லாபம்னா யூ3 ரயில்ல பைக்கோட ஏறி ஹோஹெமார்க்ல இறங்கினா டவுனுஸ் காடு, மேல ஃபெல்ட்பெர்க் சிகரம் கிட்டத்தட்ட 880 மீட்டர் உயரம், வேரும் கல்லுமா அவ்ளோ அருமையா இருக்கும்.

பேக் பண்றப்ப டீரெய்லர (பின்சக்கரத்துல கியர் மாத்துற பாகம்) கழட்டி ஃப்ரேமோட சேத்து கட்டிருங்க. அத ஃப்ரேம்ல மாட்டுற ஹேங்கர் வளைஞ்சு என் முதல் ட்ரிப்பே பாழாச்சு, ஸ்பேர் ஒண்ணு கண்டிப்பா வச்சுக்கோங்க. இ-பைக்னா மட்டும் வாடகைதான், அவ்ளோ பெரிய பேட்டரிய பயணிகள் விமானத்துல ஏத்த மாட்டாங்க.