கான்கார்டு சிந்தனையாளர்களும் இன்றைய வாழ்வும்: கேள்வி பதில்

பாஸ்டனுக்கு அருகிலுள்ள கான்கார்டு என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எமர்சன், தோரோ முதலிய அமெரிக்கச் சிந்தனையாளர்களைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அவர்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில் இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: டிரான்சென்டென்டலிசத்தைத் தமிழில் ‘கடந்தநிலைவாதம்’ என்கிறார்கள். எதைக் கடந்த நிலை அது?

பதில்: ஐம்புலன்கள் தரும் அறிவைக் கடந்த நிலை. அறிவெல்லாம் புலன்களின் வழியேதான் வருகிறது என்ற ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கின் கருத்து, 1830களில் பாஸ்டன் நகரத்துப் படித்த வட்டாரங்களிலும் தேவாலயங்களிலும் ஊன்றியிருந்தது. புலன்களுக்கு எட்டாத உண்மையை நேரடியாக உணரும் ஆற்றல் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறது என்று அதை மறுத்தவர்களே இவர்கள். ரால்ஃப் வால்டோ எமர்சன் 1832இல் தம் போதகர் பதவியைத் துறந்தார். 1836இல் ‘இயற்கை’ என்ற சிறு நூலை வெளியிட்டார். 1838இல் ஹார்வர்டின் இறையியல் மாணவர்களிடம், பிறர் சொல்லக் கேட்ட நம்பிக்கையோடு நின்றுவிடாதீர்கள் என்று அவர் பேசியதற்குப் பிறகு, ஏறக்குறைய 30 ஆண்டுகள் அந்தப் பல்கலைக்கழகம் அவரை மீண்டும் பேச அழைக்கவில்லை.

கேள்வி: ‘உன்னை நம்பு’ என்னும் இன்றைய சுயமுன்னேற்றப் பேச்சுகளுக்கு எமர்சன்தான் மூலமா? அது சுயநலத்தில் கொண்டுபோய் விடாதா?

பதில்: மூலம் அவர்தான் என்று பெருமளவுக்குச் சொல்லலாம், ஆனால் வழியில் பாதி கைநழுவிப் போய்விட்டது. 1841இல் வெளிவந்த தற்சார்பு பற்றிய கட்டுரையில் அவர் நம்பச் சொல்லும் ‘தான்’, ஆசைகளும் அகந்தையும் கொண்ட தனிமனிதர் அல்லர். எல்லா உயிர்களுக்கும் பொதுவான ஒரே ஆன்மா ஒவ்வொருவருக்குள்ளும் பேசுகிறது என்பதே அந்த நம்பிக்கைக்கு அவர் காட்டும் ஆதாரம். பகவத் கீதையை ஆழ்ந்து படித்து, 1857இல் ‘பிரம்மா’ என்றே ஒரு கவிதையை வெளியிட்டவர் அவர். இந்த அடித்தளத்தை நீக்கிவிட்டால், எஞ்சுவது ‘எனக்குத் தோன்றியதே சரி’ என்ற பிடிவாதம் மட்டுமே.

எனினும் அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதே கட்டுரையில், ஏழைகளுக்கு உதவும் கடமையைப் பற்றிப் பேச்சு வரும்போது, ‘அவர்கள் என் ஏழைகளா?’ என்று அவர் கேட்கும் இடம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. ஆனால் செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களை அவர்கள் நிலத்திலிருந்து வெளியேற்றுவதைக் கண்டித்து 1838இல் குடியரசுத் தலைவர் வான் பியூரனுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதியவரும் அவரே.

கேள்வி: தோரோ காட்டில் தனித்து வாழ்ந்ததாகச் சொல்வது பொய்யாமே? அடிக்கடி அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாராமே?

பதில்: துறவியாக வாழ்ந்ததாக அவர் எங்கும் சொல்லவில்லை. வால்டன் குளக்கரையில் அவர் குடியிருந்த நிலம் எமர்சனுடையது. அங்கிருந்து ஊருக்கு நடந்தே போய்விடலாம். குடிலுக்கு வந்துபோன விருந்தினர்களைப் பற்றி, அந்த வாழ்வை விவரிக்கும் ‘வால்டன்’ நூலில் ஓர் இயலே எழுதியிருக்கிறார். 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை அங்கே அவர் செய்து பார்த்தது ஒரு கணக்கு. 10 அடிக்கு 15 அடியில் கட்டிய வீட்டுக்கு ஆன செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று எழுதி, ஆணிக்கு 3 டாலர் 90 சென்ட், கதவுத் தாழ்ப்பாளுக்கு 10 சென்ட், சுண்ணக்கட்டிக்கு 1 சென்ட் என்று பட்டியலும் போடுகிறார். சுண்ணாம்பு வாங்கிய வரியில், விலை அதிகம் என்று குறித்து வைக்கிறார். ஒரு பொருளின் உண்மையான விலை, அதற்காக நாம் கொடுக்கும் வாழ்நாளின் அளவே என்பதுதான் அந்தக் கணக்கின் உட்பொருள். குறைந்த பொருள்களோடு வாழும் இன்றைய எளிமை இயக்கம் அவரை முன்னோடியாகக் கொண்டாடுகிறது. ஆனால் வீட்டை வெறுமையாக்கிவிட்டு, அதற்கான தவணையைக் கட்டப் பகலிரவாக உழைப்பவரை அவர் எளியவர் என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

கேள்வி: காந்தியடிகள் சத்தியாகிரகத்தைத் தோரோவிடமிருந்துதான் கற்றாரா?

பதில்: இல்லை. அடிமை முறையையும் மெக்சிகோ மீதான போரையும் ஆதரிக்கும் அரசுக்குத் தலைவரி கட்ட மறுத்து, 1846 ஜூலையில் தோரோ ஓர் இரவு கான்கார்டு சிறையில் இருந்தார். யாரோ வரியைக் கட்டிவிட்டதால் மறுநாள் விடுவிக்கப்பட்டார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த, சட்டமறுப்பு பற்றிய கட்டுரை 1849இல் அச்சேறியது. தென்னாப்பிரிக்காவில் 1906 செப்டம்பரிலேயே காந்தியின் போராட்டம் தொடங்கிவிட்டது. அக்கட்டுரையின் பகுதிகளைக் காந்தி தம் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் வெளியிட்டது 1907இல். தோரோவிடமிருந்து தாம் கருத்தைப் பெற்றதாகச் சொல்வது தவறு என்று 1935ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் அவரே மறுத்திருக்கிறார். தாம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பாதைக்குக் காந்தி தோரோவின் கட்டுரையில் உறுதியைக் கண்டார் என்று சொல்வதே பொருத்தம். மார்ட்டின் லூதர் கிங் அக்கட்டுரையை மோர்ஹவுஸ் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே படித்தவர். நிறப் பாகுபாட்டை எதிர்த்து நடந்த மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பின்போது, தீய அமைப்புக்கு ஒத்துழைப்பு மறுக்கும் அந்த எண்ணமே தமக்கு நினைவுக்கு வந்ததாக எழுதியிருக்கிறார்.

கேள்வி: இவர்களில் பெண்கள் யாரும் இல்லையா?

பதில்: இவர்கள் நடத்திய ‘டயல்’ இதழின் முதல் ஆசிரியரே மார்கரெட் ஃபுல்லர்தான். பெண்களின் நிலை பற்றி 1845இல் அவர் எழுதிய நூல் அமெரிக்கப் பெண்ணுரிமை எழுத்தின் தொடக்க நூல்களுள் ஒன்று. இதே வட்டத்தைச் சேர்ந்த எலிசபெத் பீபடி 1860இல் பாஸ்டனில் மழலையர் பள்ளி தொடங்கினார்.

கேள்வி: வால்டன் குளத்து ஐஸ் சென்னைக்கு வந்தது உண்மையா?

பதில்: பாஸ்டன் அமைந்துள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஐஸ் வந்தது உண்மை. ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர் அதைக் கப்பலில் அனுப்பிச் சேமித்து வைத்த கட்டடமே கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். 1846–47 குளிர்காலத்தில் வால்டனில் ஐஸ் வெட்டப்படுவதைப் பார்த்த தோரோ, மதராஸ், பம்பாய், கல்கத்தா மக்கள் ‘என் கிணற்றில்’ நீர் அருந்துகிறார்கள் என்று மகிழ்ந்து எழுதினார். காலையில் கீதை படித்துவிட்டுக் குளத்துக்குப் போனால், அதன் நீர் கங்கையோடு கலப்பதாகக் கண்டார். ஆனால் அந்த ஆண்டு வெட்டிக் குவித்த ஐஸில் ஒரு பகுதியைத்தான் எடுத்துச் சென்றார்கள். மீதி கரையிலேயே கிடந்து 1848 செப்டம்பர் வரை உருகியதையும் அவரே பதிவு செய்திருக்கிறார்.

கேள்வி: இயற்கையைப் பற்றிய அவர்கள் எழுத்து இன்றைய அறிவியலுக்குப் பயன்படுகிறதா?

பதில்: பயன்படுகிறது, எனக்கு மிகவும் நெருக்கமான செய்தியும் இதுதான். 1850களில் தோரோ ஒவ்வொரு வசந்தத்திலும் கான்கார்டைச் சுற்றி நடந்து, எந்தச் செடி எந்த நாளில் முதலில் பூத்தது என்று நூற்றுக்கணக்கான இனங்களுக்குக் குறித்து வைத்தார். ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்குப் பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரிமாக்கும் அவருடைய மாணவர்களும் அதே காடுகளிலும் புல்வெளிகளிலும் நடந்து அந்தத் தேதிகளோடு ஒப்பிட்டார்கள். வெப்பம் கூடியதால் பல செடிகள் இப்போது முன்கூட்டியே பூக்கின்றன. தோரோ பார்த்த பூக்களில் சில அந்த ஊரில் இப்போது இல்லை.