பதில்: என்டிபி ‘ஆக்டிவ்’ என்கிறது, நேரமோ 4 நிமிடம் பின்னால்

நண்பரே, அலுவலகக் கணினியில் உபுண்டு 22.04 இயங்குதளம், என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கணினியின் நேரத்தைச் சரிசெய்யும் முறை) சேவை ‘ஆக்டிவ்’, ஆனாலும் நேரம் 4 நிமிடம் பிந்துகிறது, அதில் உருவாகும் உள்நுழைவுக் குறியீட்டைத் தளங்கள் ஏற்பதில்லை என்கிறீர்கள். 30 விநாடிக்கொரு முறை மாறும் குறியீடு, எப்படி ஏற்கும்?

அந்த ‘ஆக்டிவ்’வை நம்பாதீர்கள். சேவை ஓடுகிறது, அவ்வளவுதான். டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையைக் கொடுத்தால், அந்த ‘ஆக்டிவ்’ வரிக்கு மேல்வரியில் ‘சிஸ்டம் கிளாக் சிங்க்ரனைஸ்டு’ (நேரம் ஒத்திசைந்துவிட்டதா) என்று வரும். அங்கே ‘யெஸ்’ இருக்க வேண்டும். ‘நோ’ என்றால் அதே கட்டளையோடு டைம்சிங்க்-ஸ்டேட்டஸ் சேர்த்து ஓட்டுங்கள். பாக்கெட் கவுன்ட் (வந்து சேர்ந்த பதில்களின் எண்ணிக்கை) 0-விலேயே நின்றால் நேர சர்வரிடமிருந்து ஒரு பதிலும் வந்து சேரவில்லை.

அலுவலகம் என்பதால் என் சந்தேகம் ஃபயர்வால் (நெட்வொர்க்கின் தடுப்புச் சுவர்) மேல்தான். என்டிபி போய்வரும் வழியான யுடிபி 123ஆம் போர்ட்டைப் பல இடங்களில் மூடியே வைத்திருப்பார்கள். ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ‘யெஸ்’ வந்தால் அதுதான் காரணம். அப்புறம் நெட்வொர்க் பார்ப்பவரிடம் உள் நேர சர்வரின் முகவரியைக் கேட்டு வாங்கி, டைம்சிங்க்டி.கான்ஃப் கோப்பில் ‘என்டிபி=’ வரியில் போடுங்கள் (வரியின் முன்னால் உள்ள # குறியை எடுத்துவிட்டு). சேவையை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, மறுபடி பாக்கெட் கவுன்ட் ஏறுகிறதா என்று சொல்லுங்கள்.