வாசகர் கேள்வி: ராத்திரியிலும் சுடும் சீலிங்

கேள்வி: விருகம்பாக்கத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட், அதுதான் கடைசி மாடி. ராத்திரி பத்து மணிக்கும் சீலிங்கிலிருந்து அனல் இறங்குகிறது. ஏசியை 20-இல் வைத்தும் பயனில்லை. ஃபால்ஸ் சீலிங் போடலாமா? இதற்கு அரசு விதி எதுவும் கிடையாதா? – ஒரு வாசகி

பதில்: ஃபால்ஸ் சீலிங் கடைசி வழி அம்மா. அனல் ஓரளவு குறையும். ஆனால் அதற்கு மேலே கான்கிரீட் வெயிலில் வெந்துகொண்டேதான் இருக்கும். பகலெல்லாம் குடித்த சூட்டை அது ராத்திரியில் உங்கள் மேல் இறக்குகிறது. தடுப்பு, மொட்டை மாடியில்தான் வேண்டும்.

விதி இருக்கிறது. வீடுகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற கட்டட விதித்தொகுப்பின்படி, கூரையின் யு மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது. சூடு எவ்வளவு சுலபமாக உள்ளே நுழைகிறது என்பதற்கான கணக்கு அது. ஆறங்குல வெறும் கான்கிரீட்டுக்கு 3-க்கு மேல் வரும். சூட்டைத் தடுக்கும் கெட்டி நுரைப் பலகையான எக்ஸ்பிஎஸ், ஓரங்குலம் போட்டாலே 1-க்குக் கீழே வந்துவிடும். ஆனால் 2018-இல் வந்தபோது இந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் புதிதாகக் கட்டுவதற்குத்தான். நம்மூர்க் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டேகால் கிரவுண்டு. அரை கிரவுண்டுக்காரரை யார் கேட்பது!

பலகை போடுவதானால் வரிசை முக்கியம். முதலில் வாட்டர்ப்ரூஃபிங், அதன்மேல் பலகை, பிறகு வாட்டம் கொடுத்துக் கலவை, கடைசியில் வெள்ளை ஓடு. நாற்பது வருஷம் சைட்டில் நின்ற நானே நங்கநல்லூரில் என் சொந்த வீட்டில் வாட்டர்ப்ரூஃபிங் இல்லாமல் சாதாரண தெர்மோகோலை விரித்து ஓடு பதித்தேன். ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கி, தை வரை ஒழுகிற்று. மனைவி இன்னும் விடவில்லை.

உங்கள் கஷ்டம் வேறு. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, சூடு மட்டும் உங்களுக்கு. அசோசியேஷனில் பலகைச் செலவுக்குத் தலையாட்ட மாட்டார்கள். வெள்ளையடிக்கக் கேளுங்கள், சம்மதிப்பார்கள். பாசியைச் சுரண்டிக் கழுவி, கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டு கோட். மழைக்காலத்தில் கரைந்துவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும்.

அப்புறம் ஏசி. 20-இல் வைப்பதால் சீக்கிரம் குளிராது, கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். 24-இல் வைத்து ஃபேனையும் போடுங்கள்.

சுண்ணாம்படிக்க மாசியிலேயே ஆள் சொல்லிவிடுங்கள். பங்குனி பிறந்தால் பிடிக்க முடியாது.