அந்த நான்கு கடிதங்களை மட்டும் விற்காதீர்கள்

கேள்வி: மாசசூசெட்ஸில் இருக்கிறோம். என் கணவர் இந்த ஊர்க்காரர். அவருடைய எள்ளுப்பாட்டி 1870, 80களில் பத்திரிகைகளில் கதையும் கவிதையும் எழுதியவர், 1911இல் இறந்தார். மாமியார் காலமான பிறகு பரணில் ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்தது. சுமார் 300 கடிதங்கள், 9 டைரிகள், நூலால் தைத்த கவிதை நோட்டுகள், துணுக்குகள் ஒட்டிய ஒரு ஆல்பம், பதிப்பாளர்களின் கணக்குக் கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. பழைய கடித வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். பிரபலங்கள் எழுதிய 4 கடிதங்களுக்கு 6,000 டாலர் தருகிறாராம். மற்றவை விலை போகாதாம். நாத்தனாரோ, எல்லாவற்றையும் லேமினேட் செய்து மூன்று பிள்ளைகளும் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார். நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். 1985இல் ஊர் வரலாற்றுச் சங்கம் டைரியின் ஒரு பகுதியைச் சிறு புத்தகமாகப் போட்டது. முழுவதையும் நாங்கள் வெளியிட முடியுமா? முதலில் என்ன செய்வது?

பதில்: வியாபாரிக்கு இன்றே, ‘இப்போது எதையும் விற்பதாக இல்லை’ என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடுங்கள். நாத்தனாரிடம் லேமினேஷன் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த இரண்டும் முடிந்தால் பெட்டிக்கு வரவிருந்த ஆபத்தில் முக்கால்வாசி போயிற்று. மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

வியாபாரி 4 கடிதங்களை மட்டும் கேட்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. பிரபலத்தின் கையெழுத்துள்ள ஒற்றைத் தாள் சீக்கிரம் கைமாறும். 300 கடிதங்களைப் படித்துப் பட்டியல் போட அவருக்கு நேரமும் இல்லை, அக்கறையும் இல்லை. ஆனால் அந்த நான்கும் எதற்கான பதில், ஏன் எழுதப்பட்டன என்பது டைரியிலோ ஒரு நோட்டின் பின்பக்கத்திலோ இருக்கும். பிரித்துவிட்டால் இரண்டு பக்கமும் ஊமை.

பிரிப்பதால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஆம்ஹர்ஸ்டில் கவிஞர் எமிலி டிக்கின்ஸன் 1886இல் இறந்தபோது, தாள்களை அடுக்கி ஓரத்தில் துளையிட்டு நூலால் கட்டிய 40 சிறு கையேடுகளில் அவருடைய கவிதைகள் கிடந்தன. முதல் பதிப்புக்குத் தயார் செய்தவர்கள் அந்த நூல்கட்டை அவிழ்த்துத் தாள்களைத் தனித்தனியாக்கினார்கள். எந்தத் தாளுக்கு அடுத்து எந்தத் தாள் என்பதை ஊசித் துளைகளின் இடம், கறை, தாளின் வகை இவற்றை ஒப்பிட்டு மறுபடி கண்டுபிடித்து 1981இல்தான் வெளியிட முடிந்தது. இதற்கிடையே 1898இல் ஒரு துண்டு நிலத்துக்காக டிக்கின்ஸன் குடும்பமும் பதிப்பாசிரியர் குடும்பமும் கோர்ட்டுக்குப் போனதில், கவிதைகளில் ஒரு பெரிய பங்கு பல ஆண்டுகள் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. கடைசியில் ஒரு பங்கு ஹார்வர்டுக்கும் இன்னொரு பங்கு ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்கும் போனது. இரண்டையும் ஒரே இடத்தில் திரையிலாவது பார்க்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் வீட்டுக் கவிதை நோட்டுகளின் நூலை யாரும் அவிழ்க்கக் கூடாது. நூல் ஏற்கெனவே அறுந்திருந்தால், அந்த நூலையும் ஒரு உறையில் போட்டு நோட்டோடு வையுங்கள்.

‘விலை போகாது’ என்று வியாபாரி ஒதுக்கிய கணக்குக் கடிதங்கள்தான் ஆராய்ச்சியாளர் முதலில் கேட்பவை. நாவலாசிரியர் லூயிசா மே ஆல்காட் ‘ஏ. எம். பர்னார்ட்’ என்ற புனைபெயரில் திகில் கதைகள் எழுதியது 1940களில் அம்பலமானது, ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருந்த ஒரு பதிப்பாளரின் வியாபாரக் கடிதங்களை வைத்துத்தான். எந்தக் கதைக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற தாளில்தான் புனைபெயர் வெளிப்படும். உங்கள் எள்ளுப்பாட்டியும் வேறு பெயரில் எழுதியிருக்கலாம்.

இந்தத் தொழிலில் நேர்மையான வியாபாரிகளும் உண்டு. அவர்களை அடையாளம் காண்பது எளிது: பெட்டியை எடுத்துப்போகுமுன் ஒவ்வொரு தாளுக்கும் எண் போட்ட ரசீது தருவார்கள். ‘கொடுத்து வையுங்கள், விற்றபின் பார்க்கலாம்’ என்று ரசீதில்லாமல் வாங்குகிறவரிடம் ஒரு உறையைக்கூடக் கொடுக்காதீர்கள். ‘அசல் என்று சான்றிதழ் தருகிறேன்’ என்கிறவரிடமும் மயங்க வேண்டாம். 1997இல் ஆம்ஹர்ஸ்ட் ஊர் நூலகம் 21,000 டாலர் கொடுத்து ஏலத்தில் எடுத்த டிக்கின்ஸன் கவிதை, மார்க் ஹாஃப்மன் என்ற கைதேர்ந்த போலிக்காரரின் கைவேலை என்று சில மாதங்களில் தெரிந்தது. சான்றிதழைவிடப் பெரிய சாட்சி, தாள் யார் யார் கையில் இருந்தது என்ற தொடர்ச்சி. உங்களிடம் அது அறுபடாமல் இருக்கிறது: எள்ளுப்பாட்டி, அவர் மகள், பேத்தி, மாமியார், ஒரே பெட்டி. நான்கு கடிதங்கள் வெளியே போனால் அவற்றுக்கு அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும்.

இன்னொரு கூட்டம் உண்டு, இலவசமாக ஸ்கேன் செய்து தருகிறவர்கள். ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் ‘படங்களை எந்த வடிவிலும், எக்காலத்துக்கும் பயன்படுத்தும் உரிமை’ என்று இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

இனி பெட்டிக்கு வருவோம். பரணில் கோடையில் வேகும், குளிர்காலத்தில் உறையும், பேஸ்மென்ட்டில் ஈரம். இரண்டும் ஆகாது. வெளிச்சுவரைத் தொடாத ஒரு படுக்கையறை அலமாரியில், தரையிலிருந்து அரையடி உயரத்தில் வையுங்கள். 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். பத்து டாலர் ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள். பாச்சை உருண்டை போடாதீர்கள், வேப்பிலையும் வேண்டாம். இலை தாளில் கறை விடும். ராமபாணப் பூச்சி தென்பட்டால், அந்தக் கட்டைக் காற்றுப் புகாத பாலிதீன் பையில் மூடி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்து ஒரு முழு நாள் கழித்தே பையைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் தாள் வியர்த்துவிடும். பூஞ்சை இருந்தால் மட்டும் வீட்டு வைத்தியம் கூடாது. தனியாகப் பிரித்து வைத்துவிட்டுக் காகிதப் பாதுகாப்பு நிபுணரைக் கூப்பிடுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தாளைத் தொடுங்கள். சினிமாவில் காட்டும் வெள்ளைப் பருத்திக் கையுறை வேண்டாம். விரலின் உணர்ச்சி மரத்துப்போய் ஓரத்தைக் கிழித்துவிடுவீர்கள். புகைப்படத்துக்கு மட்டும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை. பெட்டியில் பளீரென்ற பச்சைத் துணி அட்டையில் 1840-60களின் புத்தகம் ஏதாவது இருந்தால் அதற்கும் கையுறை போடுங்கள். அந்தப் பச்சைச் சாயத்தில் ஆர்செனிக் விஷம் இருந்த பதிப்புகள் உண்டு.

துருப்பிடித்த குண்டூசி, கிளிப் எல்லாம் வெளியே. இழுக்காதீர்கள், அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகித் தளர்த்துங்கள். கடிதத்தை அதன் உறையோடு சேர்த்தே வையுங்கள், தேதியில்லாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரைதான் தேதி. விரிய மறுக்கும் மடிப்பை அழுத்தாதீர்கள். குறிப்பு எழுதப் பென்சில் மட்டும், அதுவும் கோப்பின் மேல். ஒரு கோப்பில் பத்துப் பதினைந்து தாள். அமிலமும், தாளைப் பழுப்பாக்கும் லிக்னின் என்ற மரப்பொருளும் இல்லாத கோப்பு என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியில் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசை. தேதிவாரியாக அடுக்கி ‘ஒழுங்கு’ செய்துவிடாதீர்கள். எந்தக் கட்டில் எது இருந்தது என்பதே ஒரு தகவல்.

அக்காலக் கடிதங்கள் பலவும் மாசிக்காய்ச் சாறும் இரும்பு உப்பும் கலந்த மையில் எழுதியவை. எழுதும்போது கருப்பு, இப்போது துருப்பழுப்பு. அந்த மையில் உள்ள அமிலமும் இரும்பும் காலப்போக்கில் தாளை அரித்து, எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழும். ஈரம் பட்டால் இரும்பு பக்கத்துத் தாளுக்கும் பரவும். ஆகவே ஈரத்துணியால் துடைப்பது, நீராவி காட்டுவது இரண்டும் கூடாது. துணுக்கு ஆல்பத்தின் பிரச்சினை வேறு. 1860, 70களுக்குப் பிறகு பத்திரிகைத் தாள் மரக்கூழுக்கு மாறியது. அது அப்பளமாய் நொறுங்கும், பக்கத்தில் இருக்கும் நல்ல தாளையும் பழுப்பாக்கும். டைரிக்குள் செருகியிருக்கும் துணுக்குகளுக்கு இருபுறமும் அமிலமற்ற மெல்லிய தாளை வையுங்கள். எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தைப் பிரிக்க வேண்டாம், ஒட்டிய விதமும் அவர் கைவேலைதான்.

லேமினேஷன் ஏன் கூடாது? சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். பிறகு தாளைப் பத்திரமாகப் பிரிக்க வழியில்லை. உள்ளே அமிலம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பெரிய ஆவணக்காப்பகங்களே சென்ற நூற்றாண்டில் பிளாஸ்டிக் படலம் ஒட்டிப் பார்த்துவிட்டு இன்று அதைக் கழற்றச் செலவழிக்கின்றன. செலோ டேப்பும் அதே ஜாதி; பசை மஞ்சளாகி உள்ளிறங்கினால் வெளியே வராது.

ஸ்கேன் நீங்களே செய்யலாம். மேலே மூடியுள்ள தட்டை ஸ்கேனர், 400 பிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), கலர், டிஃப் (TIFF) கோப்பு. தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஆபீஸ் மெஷினில் போட்டால் அதோ கதிதான். விரியாத டைரிகளை மேலிருந்து கேமராவில் எடுங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில். ஸ்கேன் எடுத்துவிட்டோமே என்று அசலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வெளியிடும் உரிமையில்தான் பலர் சறுக்குகிறார்கள். தாள் உங்களுடையது, அதிலுள்ள சொற்கள் எழுதியவருடையவை. ஆகவே எள்ளுப்பாட்டிக்கு வந்த கடிதங்களின் பதிப்புரிமை அவற்றை அனுப்பியவர்களுடையது. அமெரிக்கச் சட்டத்தில், அச்சாகாத எழுத்துக்கு எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை. எள்ளுப்பாட்டி 1911இல் இறந்ததால் அந்த 70 ஆண்டுகள் 1981இலேயே முடிந்தன; ஆனால் இப்படிப்பட்ட பழைய எழுத்துக்குச் சட்டம் 2002 முடியும்வரை உரிமை கொடுத்திருந்தது. ஆகவே அவருடைய அச்சாகாத எழுத்து 2003 ஜனவரி 1 முதல் பொதுச் சொத்து. அவர் காலத்துப் பத்திரிகைகளில் வந்தவையும் அப்படியே.

சிக்கல் அந்த 1985 புத்தகம்தான். பழைய எழுத்து ஒன்று 1978 முதல் 2002 முடிவதற்குள், உரிமை உள்ளவரின் சம்மதத்தோடு முதன்முறையாக அச்சேறியிருந்தால் அதற்கு 2047 டிசம்பர் 31 வரை பாதுகாப்பு. ஆல்காட் 1866இல் எழுதி, பதிப்பாளர் திருப்பியனுப்பிய நாவல் ஒன்று 1995இல் வெளிவந்தது. 1888இல் இறந்தவரின் எழுத்துக்கு 2047 வரை பூட்டு. இந்தக் கணக்கின் நியாயம் சட்டம் எழுதியவர்களுக்கே வெளிச்சம். உங்கள் புத்தகத்தில் முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். வட்டத்துக்குள் சி எழுத்தோ ‘காப்பிரைட்’ என்ற சொல்லோ, ஆண்டும் பெயரும் இருக்கிறதா? 1989 மார்ச் 1க்கு முன் அமெரிக்காவில் வந்த புத்தகத்துக்கு அந்தக் குறிப்பு கட்டாயம். அது இல்லாமல், ஐந்து ஆண்டுக்குள் காப்பிரைட் அலுவலகத்தில் பதிவும் செய்யாமல் விட்டிருந்தால் உரிமை போய்விட்டது, நீங்கள் தாராளமாக வெளியிடலாம். குறிப்பு இருந்தால் அடுத்த கேள்வி: உரிமை யாருக்கு? அச்சிட்டதாலேயே சங்கத்துக்கு ஆகிவிடாது. குடும்பம் எழுத்துமூலம் மாற்றிக் கொடுத்திருந்தால்தான் சங்கத்துக்கு. இல்லையென்றால் வாரிசுகளுக்கு; அதில் உங்கள் வீடும் அடக்கம். மாமியாரின் கோப்பில் அந்தக் காலக் கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இந்தப் பூட்டு 1985இல் அச்சான பத்திகளுக்கு மட்டுமே. அச்சாகாத பக்கங்களைத் தொடாது. ஆனால் சங்கத்தார் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அவர்களுடையவை; எடுத்துப் போடாதீர்கள்.

நூலகத்துக்கு வருவோம். உங்கள் மாநிலத்திலேயே பெண்களின் ஆவணங்களுக்கென்று கேம்பிரிட்ஜில் ஷ்லெஸிங்கர் நூலகமும், நார்தாம்ப்டனில் ஸ்மித் கல்லூரியின் சோஃபியா ஸ்மித் தொகுப்பும் இருக்கின்றன. வூஸ்டரில் அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டி, பாஸ்டனில் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், தபாலிலும் அனுப்பாதீர்கள். இரண்டு பக்கப் பட்டியல், பத்துப் படங்கள், அரைப் பக்க வாழ்க்கைக் குறிப்பு ஆகியவற்றை மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒருவர் மறுத்தால் மதிப்பில்லை என்று அர்த்தமில்லை, அவர்கள் சேகரிக்கும் வரையறைக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் கொடைப் பத்திரம் நீட்டுவார்கள். உயிலில் வேறு மாதிரி இல்லாவிட்டால் மூன்று பிள்ளைகளும் கையெழுத்திட வேண்டும். அந்தப் பத்திரத்தில், நூலகத்துக்கு வேண்டாத தாள்களை என்ன செய்வார்கள் என்று பாருங்கள். ‘நூலகத்தின் விருப்பப்படி அப்புறப்படுத்தலாம்’ என்றிருந்தால் ‘முதலில் குடும்பத்துக்குத் திருப்பித் தரப்படும்’ என்று மாற்றச் சொல்லுங்கள். ‘உரிய காலத்தில் வகைப்படுத்தப்படும்’ என்ற வாசகத்தை நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கட்டிடத்துக்குப் பெயர் வைக்கப் பணம் கிடைக்கும் இடங்களிலும் பட்டியல் போட ஆள் போட மாட்டார்கள். வருடக்கணக்கில் பெட்டி திறக்காமல் கிடக்கும். ஒரு வருடத்துக்குள் பெட்டிவாரிப் பட்டியலாவது வாசகருக்குக் கிடைக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். தொகுப்பின் தலைப்பு கணவர் வழிக் குடும்பப் பெயரில் மட்டும் போய்விடாமல் எழுத்தாளர் பெயரிலேயே இருக்கட்டும். பிறந்த வீட்டுப் பெயர், புனைபெயர்கள் எல்லாம் சேரட்டும். எத்தனையோ பெண்களின் எழுத்து ‘குடும்பக் கடிதங்கள்’ என்ற தலைப்பில் யாருக்கும் அகப்படாமல் கிடக்கிறது.

வரிக் கழிவு கேட்பதாக இருந்தால், மதிப்பு 5,000 டாலரைத் தாண்டும்போது தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையும் அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் படிவம் 8283ம் தேவை. மதிப்பீடு கொடைக்கு 60 நாளுக்கு மேல் முந்தியதாக இருக்கக் கூடாது. வாங்கும் நூலகம் மதிப்புப் போட முடியாது. மதிப்பில் இத்தனை சதவீதம் கூலி என்று கேட்கிறவரை அனுப்பிவிடுங்கள். அந்த அறிக்கை செல்லாது.

நாத்தனாரின் ஆசையையும் தள்ள வேண்டாம். நல்ல ஸ்கேனிலிருந்து மூன்று வீட்டுக்கும் கலர் பிரதி அச்சிட்டுக் கொடுங்கள். அதை அவர் எத்தனை முறை வேண்டுமானாலும் லேமினேட் செய்துகொள்ளட்டும்.